கீழ்வீட்டுக் கூரை, மேல்வீட்டு முற்றம்

2012இல் இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி பொறியாளர்கள் ஒரு விளையாட்டான கேள்வியைக் கையில் எடுத்தார்கள். லெகோ கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் அடிக்கட்டை எப்போது நசுங்கும்? நான்கு குமிழ் வைத்த சின்னக் கட்டை ஒன்றை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சுமார் 430 கிலோ ஏறிய பிறகுதான் அது பிசைந்த மாவைப் போலப் பிதுங்கியது. கணக்குப் போட்டால் 3,75,000 கட்டைகள், மூன்றரைக் கிலோமீட்டர் உயரம். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியைவிட எண்ணூறு மீட்டர் அதிகம்!

அதாவது, லெகோவில் கட்டுகிறவருக்கு எடை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அடியில் இருக்கும் கட்டையும் உச்சியில் இருக்கும் கட்டையும் ஒன்றுதான். எதன்மேல் எதை நீட்டினாலும் நிற்கும்.

1960களில் மாண்ட்ரியலில் மோஷே சஃப்டி என்ற இளம் கட்டிடக் கலைஞர் தன் முதல் கட்டிடத்துக்கு மாதிரி செய்தது லெகோவில்தான். ஊரில் கடை கடையாக ஏறி இருந்த கட்டைகளையெல்லாம் வாங்கிவிட்டார்களாம். அந்த மாதிரிகள் கான்கிரீட்டாக மாறிய கதையை, அதற்குப் பிறகு மாறாமலே போன பல மாதிரிகளின் கதையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டியதை மட்டும் பார்த்தால் அது ஒரு விநோதம். கட்டாததையும் பார்த்தால் எடையோடும் குளிரோடும் நிழலோடும் நடந்த நீண்ட வழக்கு.

சஃப்டி 1938இல் ஹைஃபாவில் பிறந்தவர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஊர் அது. பதினைந்து வயதில் குடும்பத்தோடு மாண்ட்ரியலுக்கு வந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்தார். 1959இல் கனடாவின் மத்திய வீட்டுவசதி நிறுவனம் தந்த உதவித்தொகையில், வட அமெரிக்காவின் குடியிருப்புகளைப் பார்க்க மாணவர்கள் சிலர் சுற்றுப்பயணம் போனார்கள். அவரும் போனார். பார்த்தது இரண்டே வகை. ஒன்று, புறநகரில் ஆளுக்கொரு தோட்டத்தோடு மைல்கணக்கில் பரவிய தனி வீடுகள். மற்றொன்று, நகருக்குள் ஜன்னலை விட்டால் வானமே இல்லாத அடுக்ககங்கள். குழந்தை பிறந்ததும் எல்லோருக்கும் முதல் வகைதான் வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு நிலம் போதாது.

அப்படியானால் தனி வீடுகளையே அடுக்கினால் என்ன? ஒவ்வொரு வீட்டையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டின் தோட்டமாகும். மொட்டை மாடியில் வடாம் காயவைத்து, கோடையில் பாய் விரித்துப் படுத்த நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஒரே வித்தியாசம், நம் மொட்டை மாடி எல்லோருக்கும் மேலே ஒன்றுதான். அவர் கேட்டது வீட்டுக்கு ஒன்று.

மெக்கிலில் அவருடைய பட்டப் படிப்பின் ஆய்வேடு இதுதான். படிப்பு முடிந்து ஃபிலடெல்ஃபியாவில் லூயிஸ் கானிடம் சில காலம் வேலை பார்த்தார். அகமதாபாத்தின் ஐஐஎம் வளாகத்தைச் செங்கல்லில் எழுப்பிய அதே கான். அப்போது பழைய ஆசிரியர் வான் கிங்கெல் மாண்ட்ரியலுக்குத் திரும்பி வரச் சொன்னார். 1967இல் அங்கே உலகப் பொருட்காட்சி வரவிருந்தது. வேலைக்கு வந்தவர் ஆய்வேட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வயதுகூட ஆகாத, அதுவரை ஒரு சுவர்கூடக் கட்டியிராத ஒருவரிடம் அரசாங்கம் ஒரு குடியிருப்பையே ஒப்படைத்தது. அந்தக் காலத்துக் கனடாவின் உற்சாகத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

பழைய துறைமுகத்தின் கடிகாரக் கோபுரத்தருகே நின்றால், தண்ணீருக்கு அப்பால் அந்தக் கட்டிடம் தெரியும். பெயர் ஹாபிடாட் 67. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் விழுந்து 'அபிதா' ஆகிவிடும். முதல்முறை கேட்டபோது எனக்கு 'அபிதா' நாவலை எழுதிய லா.ச.ரா.தான் நினைவுக்கு வந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தீப்பெட்டிகளைக் கொட்டிவிட்டு அடுக்க மறந்த மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் அந்தக் குழப்பத்துக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது பிடிபடும். ஒரே அளவுள்ள 354 கான்கிரீட் பெட்டிகள், 12 மாடி உயரத்துக்கு. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று சேர்த்து 15 வகை வீடுகள், மொத்தம் 158.

ஒரு பெட்டியின் நீளம் 11.7 மீட்டர், அகலம் 5.3, உயரம் 3. எடை எண்பது, தொண்ணூறு டன். பெட்டி செய்யும் தொழிற்சாலையை அந்த மனையிலேயே போட்டார்கள். இரும்புக் கம்பிகளை ஒரு பெரிய கூண்டாகக் கட்டி, எஃகு அச்சுக்குள் இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். இறுகியதும் பெட்டி தரையிலேயே வரிசையில் நகரும். ஜன்னல் மாட்டுவார்கள், வெப்பக்காப்பு ஒட்டுவார்கள், ஃபைபர்கிளாஸில் ஒரே துண்டாக வார்த்த குளியலறையை உள்ளே தள்ளுவார்கள், சமையலறையைப் பொருத்துவார்கள். பிறகு கிரேன் அதை மேலே கொண்டுபோய் வைக்கும். கார் தொழிற்சாலையில் கார் நகர்வது போல வீடு நகர வேண்டும் என்பது கனவு.

லெகோ சொன்ன பொய் இங்கேதான் வெளுத்தது. ஒரு பொருளை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூறு மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை பத்து லட்சம் மடங்காகும். அந்த எடையைத் தாங்கும் குறுக்குப் பரப்போ பத்தாயிரம் மடங்குதான். ஏறக்குறைய நானூறு ஆண்டுக்கு முன்பே கலிலியோ எழுதிவைத்த கணக்கு இது. யானைக்கு மானின் கால் போதாததற்கும் இதுவே காரணம். பன்னிரண்டாம் மாடிப் பெட்டிக்குத் தன் எடை மட்டும். தரையில் இருக்கும் பெட்டிக்குத் தலைமேல் பல நூறு டன். அந்தச் சுமையும் நேராக மட்டும் ஏறுவதில்லை. பெட்டிகள் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒவ்வொன்றும் கீழே இருப்பதை வளைக்கவும் முறுக்கவும் பார்க்கிறது.

கான்கிரீட்டின் சுபாவம் விசித்திரமானது. நசுக்கினால் மலைபோல் தாங்கும், இழுத்தால் உடனே விரிசல் விடும். வளையும்போது ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் இழுபடும். அந்த இழுபடும் பக்கத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கிராமத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கொல்லர் இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய வளையமாக அடிப்பார். வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, மரத்துண்டுகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். ஆணியே வேண்டாம். சக்கரம் எத்தனை குழியில் விழுந்து எழுந்தாலும் துண்டுகள் பிரியாது, ஏனென்றால் அவை எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கின்றன.

ஹாபிடாட்டில் அந்தப் பட்டையின் வேலையை எஃகு வடங்கள் செய்கின்றன. அடுக்கிய பெட்டிகளின் ஊடாக வடங்களைக் கோத்து, இழுத்து, முனையைப் பூட்டிவிட்டார்கள். ஒட்டுமொத்தக் கட்டிடமும் அழுத்தத்தில் இறுகி ஒரே உடம்பாகிவிட்டது. இதற்குக் கணக்குப் போட்டவர் எஸ்டோனியாவில் பிறந்த ஆகஸ்ட் கோமெண்டன்ட். லூயிஸ் கானின் பொறியாளரும் இவரே. அந்தரத்தில் போகும் நடைபாதைத் தெருக்களைக்கூட அவர்கள் சும்மா விடவில்லை. ஒவ்வொரு தெருவும் லிஃப்ட் கோபுரங்களுக்கு இடையில் போடப்பட்ட உள்ளீடற்ற உத்தரம். மேலே மனிதர் நடக்க, அடியில் குழாயும் கம்பியும் ஓட, மொத்தமும் பெட்டிகளின் சுமையில் பங்கு வாங்கிக்கொள்கிறது. படத்தில் பார்ப்பவர்கள் வீடுகளின் குவியலைப் பார்க்கிறார்கள். எனக்கு இந்தத் தெருக்கள்தான் அந்தக் கட்டிடத்தின் மேதைமை.

ஆனால் இதற்கு விலை உண்டு. மேல்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் வேண்டிய கம்பி ஒன்றல்ல. வெளியே ஒரே முகம், உள்ளே வேறு வேறு எலும்பு. ஒரே அச்சில் ஆயிரம் வார்க்கலாம் என்ற கனவில் முதல் ஓட்டை அதுதான். இரண்டாவது இன்னும் எளிமையானது. சாதாரண அடுக்ககத்தில் என் தளம் உங்கள் கூரை, ஒரே கான்கிரீட் இருவருக்கும் போதும். பெட்டிமேல் பெட்டி வைத்தால் கீழ்ப்பெட்டிக்கு ஒரு கூரை, அதன்மேல் மேல்பெட்டிக்கு ஒரு தளம். பக்கத்துப் பெட்டிக்கும் அப்படியே, சுவர் இரண்டு. தொடும் இடமெல்லாம் இரட்டிப்புச் செலவு.

குளிர் தனிக் கதை. புளியோதரைக்குச் சோற்றை ஆறவைக்க நாம் தாம்பாளத்தில் பரப்புகிறோம். பானையில் குவிந்திருந்தால் சூடு போகாது, வெளிப்பரப்பு கூடினால் போய்விடும். ஒரு ஹாபிடாட் பெட்டியின் ஆறு பக்கங்களையும் கூட்டினால் 226 சதுர மீட்டர். 354 பெட்டியும் தனித்தனியே நின்றால் 80,000 சதுர மீட்டர் தோல். அதே கொள்ளளவை ஒரே கனசதுரமாகப் பிசைந்துவிட்டால் 10,000கூட வராது. ஒட்டும் பக்கங்களைக் கழித்தால் உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது பார்த்தாலே தெரியும். ஜனவரி இரவில் மைனஸ் 20 சாதாரணமாக வரும் ஊரில், சஃப்டி வீடுகளைத் தாம்பாளத்தில் பரப்பிவைத்தார். மழையும் உருகும் பனியும் அந்த மூலை முடுக்குகளில் புகுந்து கான்கிரீட்டைப் பல காலம் படுத்தின. வீட்டுக்கு ஒரு மொட்டை மாடி என்றால், வீட்டுக்கு ஒரு ஒழுகலும் கூடவே வரும் என்பதை நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ஐம்பதாம் ஆண்டையொட்டி சஃப்டியின் சொந்த வீட்டைப் புதுப்பித்தபோது, சுவர்களை உரித்து இன்றைய அளவுக்கு வெப்பக்காப்பு வைக்க வேண்டியிருந்தது.

பணக் கணக்கில்தான் கட்டாத கட்டிடம் முதல்முறை தலைகாட்டுகிறது. சஃப்டி வரைந்தது 158 வீடுகளை அல்ல, 1,000க்கும் மேற்பட்ட வீடுகளை. மலைச்சரிவுகள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அடுக்குகள், அடியில் கடைகள், பள்ளிக்கூடம், ஹோட்டல். மதிப்பீடு 4.5 கோடி டாலர். அரசாங்கம் அதை வெட்டிச் சுருக்கியது. கட்டி முடித்தபோது 2.2 கோடி டாலருக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. வீடுகளால் வகுத்தால் வீட்டுக்கு 1,40,000 டாலர். அந்தத் தொகைக்கு அன்றைய கனடாவில் பல தனி வீடுகள் வாங்கலாம்.

பலர் அதோடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள், தொழிற்சாலை வீடு மலிவு என்பது பொய் என்று. இது பாதி நியாயம்தான். அச்சு, கிரேன், தொழிற்சாலைக் கொட்டகை, கோமெண்டன்ட்டின் கணக்குகள் எல்லாம் முதல் பெட்டிக்கு முன்பே செலவாகிவிடும். 158 வீடுகளால் வகுத்தாலும் 1,000 வீடுகளால் வகுத்தாலும் அந்தத் தொகை அதேதான். ஒரு கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டு இருபது பேருக்கு இலை போட்டால் ஒரு இலையின் விலை என்னவாகும்? மறுபாதிக்குப் பதில் இல்லை. இரட்டைச் சுவரும் பரந்த தோலும் எத்தனை ஆயிரம் வீடு கட்டினாலும் கூடவே வரும். அளவு பெருகினால் அச்சின் விலை குறையும், இயற்பியல் குறையாது.

சஃப்டிக்கு இது தெரிந்திருந்தது. அதற்கான ஆதாரம் அவர் அடுத்து வரைந்தவற்றில் இருக்கிறது. பொருட்காட்சியை ஆறே மாதத்தில் ஐந்து கோடிப் பேர் பார்த்துப்போக, இவர் உலகப் புகழ் அடைந்தார், ஊர் ஊராக அழைப்பு வந்தது. நியூயார்க், ரோசெஸ்டர், இஸ்ரேல், டெஹ்ரான் என்று ஹாபிடாட்டுகள் காகிதத்தில் பிறந்தன. ஒன்றும் எழவில்லை. ஆனாலும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் மாண்ட்ரியலின் ஏதோ ஒரு பாரத்தை இறக்கிவைக்கப் பார்ப்பது தெரியும்.

நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் கரைக்கு இரண்டாவதாக வரைந்த திட்டத்தில் அவர் பெட்டிகளை அடுக்கவே இல்லை, எஃகு வடங்களில் தொங்கவிட்டார். கிணற்றில் குடத்தைத் தாங்க விரல் தடிமன் கயிறு போதும். அதே குடத்தை அதே உயரத்தில் தூக்கி நிறுத்த விரல் தடிமனில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், வளைந்து விழும். இழுவிசையில் இருக்கும் எஃகுக்கு வளைந்து ஒடியும் பயம் இல்லை, ஆகவே மெலிதாக இருக்கலாம். அடிப்பெட்டி மேல்பெட்டியைச் சுமக்க வேண்டியதும் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பெட்டியின் உருவத்தையே அறுகோணமாக மாற்றி, எடையைக் குறைத்து, தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவரும்படி செய்தார். அங்கே வேலை தொடங்கிப் பெட்டிகள் சில வார்க்கவும்பட்டன. பிறகு நின்றுபோனது. சான் ஃபிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் மாணவர்கள் தங்கள் சங்கக் கட்டிடத்துக்கு அவரைத் தேடிப் பிடித்தார்கள். மாணவர்களுக்குப் பிடித்தது, நிர்வாகக் குழுவுக்குப் பிடிக்கவில்லை.

கட்டாதவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது பெட்டியே இல்லாத ஒன்று. 1980களில் நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில், சென்ட்ரல் பார்க்கின் மூலையில், இரட்டைக் கோபுரம் எழுப்பும் வேலை சஃப்டிக்கு வந்தது. 1987 அக்டோபரில் நூற்றுக்கணக்கானோர் பூங்காவில் வரிசையாக நின்று கறுப்புக் குடைகளை விரித்தார்கள். கோபுரத்தின் நிழல் எங்கே விழுமோ அந்தத் தடத்தில்! ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸும் எதிர்ப்பாளர்கள் பக்கம் இருந்தார். சஃப்டியின் வரைபடம் கைவிடப்பட்டது.

சென்னைக்காரருக்கு நிழலுக்காகச் சண்டை என்றால் சிரிப்பு வரும். நமக்கு நிழல் என்பது மரம் தரும் வரம். ஆனால் அட்சரேகையைப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் 21 உச்சிவேளையில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும், 100 அடிக் கட்டிடத்தின் நிழல் 74 அடி. நியூயார்க்கில் அதே கட்டிடத்துக்கு 207 அடி. மாண்ட்ரியலில் சூரியன் 21 டிகிரியைத் தாண்டாது, நிழல் 260 அடிக்கு நீளும். குளிர்காலத்து வெயில் அங்கே ரேஷன் பொருள், எதிர்வீட்டு உயரம் உங்கள் பங்கைத் தின்றுவிடும். படிப்படியாகப் பின்வாங்கும் கட்டிடத்தின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். ஒவ்வொரு மாடியும் கீழே இருப்பவரின் வெயிலை அவருக்கே விட்டுக்கொடுக்கிறது. வீட்டுக்கு வீடு வெயில் கேட்டு வந்தவர், ஒரு பூங்காவின் வெயிலை மறைத்ததற்காகத் தோற்றார்.

அதன்பிறகு சஃப்டி கட்டியவை ஏராளம். ஒட்டாவாவின் தேசிய ஓவியக்கூடம், பஞ்சாபின் அனந்தபூர் சாகிபில் சீக்கிய வரலாற்றைச் சொல்லும் விராசத்-எ-கால்சா, சிங்கப்பூருக்குப் போகும் தமிழர் ஒருவர்கூட விடாமல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மரினா பே சாண்ட்ஸ். இவற்றைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் நம் வழக்கு வேறு. சிங்கப்பூரின் பீஷானில் ஸ்கை ஹாபிடாட் என்று 38 மாடியில் இரண்டு கோபுரங்கள் இருக்கின்றன, மூன்று பாலங்கள் இரண்டையும் இணைக்கின்றன. கொழும்பில் பேர வாவிக் கரையில் ஆல்ட்டேர், 63 மாடியும் 68 மாடியுமாக இரண்டு கோபுரங்கள், ஒன்று மற்றொன்றின்மேல் தோள் சாய்த்து நிற்கும். சாயும் பக்கத்தில் வீடுகள் படிப்படியாக விலகுவதால் வீட்டுக்கு ஒரு திறந்த மாடி. பார்த்த உடனே மாண்ட்ரியலின் சாயல் தெரியும்.

ஆனால் இவற்றில் 354 பெட்டிகளைப் போல எதுவும் இல்லை. மற்ற வானளாவிகளைப் போலவே தூணும் தளமுமாக எழுந்தவை. என் தளம்தான் உங்கள் கூரை. இரட்டைச் சுவர் போய்விட்டது, கிரேனில் தொங்கிய எண்பது டன் போய்விட்டது, வீட்டுத் தொழிற்சாலை போய்விட்டது. தங்கியது முற்றம். 1967இல் பார்த்த எல்லோரும், அநேகமாக சஃப்டியும், பெட்டிதான் கண்டுபிடிப்பு, முற்றம் அதன் விளைவு என்று நினைத்தார்கள். கட்டாமல் போன அத்தனை ஹாபிடாட்டுகளும் பெட்டியை இளைக்கவைத்து, தொங்கவிட்டு, மூலையை வெட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கழற்றி வைத்துவிட்டன. நடுவில் அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் மாண்ட்ரியலிலிருந்து கொழும்புக்கு வழியே இல்லை. ஜப்பானில் கட்டிடக் கலைஞர் குரோகாவா 1972இல் கட்டிய நாககின் கோபுரம் இந்த இடைவழி கிடைக்காத பெட்டி. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி மாற்றலாம் என்று 140 அறைகளை மாட்டினார்கள். ஒன்றைக்கூட மாற்றவில்லை, 2022இல் மொத்தமாகப் பிரித்துவிட்டார்கள்.

அதே 2022இல் சஃப்டி தன் வரைபடங்கள், மாதிரிகள், குறிப்பேடுகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை மெக்கிலுக்கே கொடுத்தார், ஹாபிடாட்டில் இருந்த தன் வீட்டையும் சேர்த்து. மறு ஆண்டு, கணினி விளையாட்டு செய்யும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மென்பொருளில், அரசாங்கம் வெட்டிப்போட்ட அந்த முழு மலைச்சரிவும் உருவாக்கப்பட்டது. இப்போது திரையில் அதன் தெருக்களில் உலவலாம். அழகாகவே இருக்கிறது. எடை இல்லாத இடத்தில் எதுவும் அழகாகத்தான் நிற்கும், லெகோவைப் போல.

உண்மையான கட்டிடத்தை மத்திய வீட்டுவசதி நிறுவனம் 1985இல் குடியிருப்பவர்களுக்கே விற்றுவிட்டது. பலர் பக்கத்துப் பெட்டிகளை வாங்கிச் சுவரை உடைத்துச் சேர்த்துக்கொண்டதில் 158 வீடுகள் இன்று 150க்கும் கீழே. எல்லோருக்கும் தோட்டம் என்று தொடங்கியது இப்போது வசதி படைத்தவர்களின் முகவரி. 2009இல் கியூபெக் அரசு அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு பிப்ரவரி மதியம், பனி பெய்து ஓய்ந்த மறுநாள், அந்தப் பக்கம் போயிருந்தேன். சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு நடுவே ஒவ்வொரு மாடியும் வெள்ளைச் சதுரமாகத் தனித்துத் தெரிந்தது. கோடையில் செடிகளுக்குள் ஒளிந்திருப்பவற்றை அன்று எண்ண முடிந்தது. நாற்பது வரை எண்ணியதும் விரல்கள் மரத்துவிட்டன. ஆறாவதோ ஏழாவதோ மாடியில் ஒருவர் சிவப்புத் தொப்பியோடு வெளியே வந்தார். மண்வாரி போன்ற பிளாஸ்டிக் துடுப்பால் பனியை வாரத் தொடங்கினார். வாரியதை எங்கே கொட்டுவது என்று ஒரு கணம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். கீழே இருந்தது இன்னொருவர் தோட்டம். துடுப்பைத் திருப்பி, தன் மாடியின் மூலையிலேயே குவித்தார்.